திறக்கலாமா என்று கேட்க இறங்கிப் போனவர்

எஸ்தர் அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தியும், அவருடைய பாஸ்வேர்டு என்ன என்ற கேள்வியும் எனக்கு ஒரே போனில் வந்தன. மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். மனிதவளப் பிரிவிலிருந்து பேசியவர், "மேடம், ஒரு பேட் நியூஸ். எஸ்தர் மேடம் வண்டில வந்துக்கினு இருந்தாங்களாம். கவரப்பேட்டை கிட்ட டிரெய்லர் அடிச்சிட்டுது. ஸ்பாட்லயே..." என்று நிறுத்தினார். நான் வாய் திறப்பதற்குள், "அவங்க சிஸ்டம் பாஸ்வேர்டு தெரியுமா? மேனேஜர் கேக்கச் சொன்னாரு" என்றார். தெரியாது என்றேன். அது உண்மை. எங்களுக்கு ஆளுக்கொரு பாஸ்வேர்டு. ஆனால் என்னுடையதும் அதே வழியைத் திறக்கும்.

எந்த வழி என்பது மில்லில் இருக்கும் உங்களுக்குத் தெரியும். அக்காவை வீட்டுப் பக்கமோ சர்ச் பக்கமோ மட்டும் அறிந்தவர்களுக்காகச் சொல்கிறேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் எங்கள் மில்லில் கணினிப் பிரிவு என்றால் நாங்கள் இருவர்தான். வயதில் அவர் கொஞ்சம் மூத்தவர், பதவியில் இருவரும் சமம். யாராவது பென் டிரைவைச் செருகினால் மாடியிலிருந்தே கத்துவார். என் டிபன் பாக்ஸைக் கேட்காமலே திறப்பார். நான் வீட்டுக்குப் போன் போட்டுக் குழந்தை சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று விசாரித்து முடித்ததும், "இன்னா, மூச்சு உடறாளான்னு கேட்டியா?" என்பார். என் பயம் அவருக்குப் பெரிய வேடிக்கை.

உருளைகளை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கருவியை விற்ற கம்பெனிக்காரர்கள், பழுது வந்தால் தங்கள் ஊரிலிருந்தபடியே இணையம் வழியாக உள்ளே வந்து சரிசெய்ய வேண்டும் என்றார்கள். அவர்களால் அங்கிருந்தே உருளையை ஓடவைக்கவும் முடியும். நிர்வாகம் சம்மதித்தது. பாதுகாப்புக்கு மட்டும், "ஃப்ரீயா ஏதாச்சும் இருக்குமே, பாருங்க" என்று சொல்லிவிட்டது. அப்படித்தான் திறந்த மூலக் கருவிகளை வரிசையாகப் போட்டு ஒப்பிட உட்கார்ந்தோம். எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று பார்க்கும் ஃபயர்வால்கள் ஒரு பக்கம். ஒரு மென்பொருளைத் தனி அறையில் பூட்டி, மற்ற எதையும் தொடவிடாமல் ஓடவைக்கும் சாண்ட்பாக்ஸ்கள் இன்னொரு பக்கம்.

என் ஓட்டு ஓப்பன்ஸ்னிச்சுக்கு. கணினியில் எந்த மென்பொருள் வெளியே பேசப் பார்த்தாலும் அது திரையில் வந்து, விடவா, தடுக்கவா என்று நம்மைக் கேட்கும். எல்லாம் தனக்குத் தெரிந்து நடக்க வேண்டும் என்று நினைப்பவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "உனக்குப் புடிக்கும். நீ உக்காந்து ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லுவ. மத்தவன் சொல்லுவானா?" என்றார். வாதம் முடியாமல் போகவே, எடைமேடைக் கணினியில் அதை ஏற்றிவிட்டு, அங்கே உட்காரும் தயாளன் அண்ணனுக்குப் பின்னால் போய் நின்றோம். வெளியே லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. கேள்வி வர வர, அண்ணன் திரையைப் பார்க்காமலே அனுமதித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இப்ப அது இன்னா கேட்டுச்சு?"

"யாருக்குத் தெரியும் எஸ்தரு? அது கேக்குது, நான் சரின்னு சொல்லிக்கினே கீறேன். ஊட்ல உங்க அண்ணிகிட்டயும் அப்பிடித்தான்."

மூவரும் சிரித்தோம். மாடி ஏறும்போது அக்கா சொன்னார்: "அந்தாள் மேல தப்பு இல்ல நித்யா. பதில் சொல்ற நெலமைல இருக்கறவனப் பாத்துத்தான் கேள்வி கேக்கணும்."

கடைசியில் மில்லுக்கும் இணையத்துக்கும் நடுவில் ஒரு பழைய கணினியை வைத்தோம். அதில் யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால். எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, நாம் சொல்லும் வழியை மட்டும், சொல்லும்போது மட்டும் திறக்கும். கம்பெனிக்காரர்களின் மென்பொருளை ஃபயர்ஜெயில் என்ற சாண்ட்பாக்ஸுக்குள் வைத்தோம். அதன் கண்ணுக்கு அதன் சொந்தக் கோப்புகள் தவிர வேறெதுவும் தெரியாது. பபுள்ராப் என்ற இன்னொன்று இன்னும் கறாரானது. ஆனால் ஒவ்வொன்றையும் நாமே எழுதித் தர வேண்டும். "நாம ரெண்டு பேரும் இல்லாத அன்னிக்கு இத எவன் புரிஞ்சிப்பான்?" என்று அக்கா அதைத் தள்ளிவிட்டார்.

வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். அவர் நினைக்கவில்லை. "இதுல எதுக்குமே உருளைக்குள்ள ஆளு கீறானா இல்லியான்னு தெரியாது" என்றார். அதனால் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். யார் எழுதிக் கேட்டாலும், எத்தனை பெரியவர் சொன்னாலும், உருளைக்கடியில் வேலை பார்க்கிற ஃபிட்டர் தன் வாயால் சொன்னால்தான் வழி திறக்கும். மேனேஜருக்கு அது பிடிக்கவே இல்லை.

ஒரு நாள் மதியம் மில் நின்றிருந்தது. "மெயின்டனன்ஸ் முடிஞ்சிருச்சு, கம்பெனிக்காரங்க லைன்ல வெயிட் பண்றாங்க, திறந்து விடுங்க" என்று மேனேஜர் போன் செய்தார். அக்கா கீழே மில்லுக்குப் போன் போட்டார். பழுது பார்க்கும் சத்தத்தில் யாருக்கும் போன் கேட்கவில்லை. மேனேஜர் மறுபடி கூப்பிட்டுக் கத்தினார். அக்கா சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். திரும்பி வந்து கை கழுவினார். "உன் ஊட்டுக்காரர் உள்ள படுத்துனு பேரிங் மாத்திக்கினு கீறாரு. இன்னும் கொஞ்ச நேரம் ஆவும்" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். உள்ளே ஆள் இருக்கும்போது யாரும் ஓட்டிவிடாதபடி மெயின் சுவிட்சுக்குப் போட வேண்டிய பூட்டைப் போட்டிருந்தார்களா என்று பிறகு விசாரித்தேன். போடவில்லை. அவசர வேலை என்றார்கள்.

உற்பத்தி தாமதமானதற்கு மெமோ அக்காவுக்குத்தான் வந்தது.

அடக்கத்துக்கு ஃபிட்டர்கள் எல்லோரும் ஷிப்ட் உடையிலேயே வந்திருந்தார்கள். குழியில் மழைநீர் தேங்கியிருந்தது, இறைத்துவிட்டுத்தான் இறக்க முடிந்தது. அக்காவின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் பொண்ணு கம்ப்யூட்டர் வேலதானம்மா பாத்தா? இந்த ஆம்பளைங்க இன்னாத்துக்கு இப்பிடி அழுவறாங்க?" என்று கேட்டார். இதை எழுதுவதற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம்.

அதற்கு அடுத்த வாரம் மில் மறுபடி நின்றது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"திறந்துடுங்க மேடம்."

"கீழ போய்க் கேட்டுட்டு வந்துடறேன் சார்."

"உங்க வீட்டுக்காரருக்கு இன்னிக்கு வீக்லி ஆஃப்தானே? அப்புறம் என்ன?"

சொன்னால் வெட்கம்தான். எனக்கு அது நியாயமாகவே பட்டது. அவர் வீட்டில் குழந்தையோடு இருக்கிறார். எப்போதும் கூடவே வரும் பயம் அன்று இல்லை. பயம் இல்லாததால் காலும் எழவில்லை. கடைசியில் நாற்காலியைத் தள்ளிவிட்டு, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனேன்.

உருளைக்கடியிலிருந்து இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒப்பந்தத்தில் வடக்கிலிருந்து வந்த ஆள். பெயர் தெரியாது, பேசவும் பாஷை தெரியாது. அவர் வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, தலையை ஆட்டும்வரை அங்கேயே நின்றேன். அந்தத் தாமதத்துக்கு எனக்கும் மெமோ வந்துவிட்டது. எங்கள் கணினிப் பிரிவு வேலையை வெளியாளிடம் கொடுத்துவிடப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்கிறார்கள். கொடுத்துவிட்டால் கீழே இறங்கிப் போக அலுவலகத்தில் ஆள் இருக்காது. என் கணவர் இன்றைக்கும் அங்கேதான் வேலைக்குப் போகிறார்.

எந்தக் கருவி நல்லது என்று எஸ்தர் அக்காவோடு போட்ட சண்டையெல்லாம் இன்னும் சில வருஷத்தில் பழசாகிவிடும், வேறு கருவிகள் வரும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான்: நம் ஆள் உள்ளே இல்லாத நாளிலும் நாற்காலியை விட்டு எழுவது. அன்று சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு அவர் இறங்கிப் போனாரே, உள்ளே படுத்திருந்தவர் அவருக்கு யாருமில்லை. எனக்குத்தான் எல்லாம்.