கரை எங்கட, குறி அவங்கட

சனிக்கிழமை காலை சாம்பல்தீவுச் சந்திப் பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு நின்றேன். கிண்ணியாவிலிருந்து எங்கள் குழுவின் ஓவியர் பாறூக் அழைத்தார். "அண்ணன், யோகா மோசம் போயிட்டாவாம். விடிய நெஞ்சு நோகுதெண்டு ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறாங்க. வழியிலயே முடிஞ்சிட்டாம்." வாங்கிய பாணைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு மதிலில் சாய்ந்து நின்றேன். யோகாவுக்கு ஐம்பத்தொரு வயதுதான். முதல் நாள் பின்னேரம்கூட என்னோடு தொலைபேசியில் சண்டை பிடித்தவர்.

அரை மணித்தியாலத்தில் கண்ணீர் அஞ்சலிப் பதாகையின் மாதிரி என் தொலைபேசிக்கு வந்துவிட்டது. எங்கள் ஊரில் சவப்பெட்டிக்கு முந்திப் பதாகை வந்துவிடும். நடுவில் யோகாவின் படம். கரையில் நின்று இழுக்கும் கரைவலைக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். "பாத்திட்டு ஓம் எண்டு சொல்லுங்க, அடிக்கக் குடுக்கோணும்" என்று பாறூக் எழுதியிருந்தார். நான் "ஓம்" என்று எழுதப் போய் அழித்துவிட்டு, "உது ஆர் எடுத்த படம்?" என்று எழுதினேன். பாறூக் அழைத்து விம்மினார். அது யோகாவின் கேள்வி; எதைப் போட்டாலும் ஆருடையது, கேட்டதா என்று கேட்பார்.

படத்தை எடுத்தவர் இறக்கக்கண்டி மீனவர் அன்ரன். கடலுக்குப் போயிருந்தார். அவருடைய படகு கரைக்கு வரும்வரை பதாகை அச்சுக்குப் போகவில்லை. செத்த வீட்டில் இரண்டொருவர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். பத்து மணிக்கு அன்ரன் பேசினார். "அவவின்ர செத்த வீட்டுக்கும் என்னட்டக் கேக்கிறியளோ?" என்றார். "அவவின்ர செத்த வீட்டுக்குத்தான் கேக்கோணும்" என்றேன்.

யோகாவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருகோணமலை நகரில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் இருபத்தைந்து வருடம் தட்டெழுத்து வேலை செய்தவர். சட்டம் படித்தவர் அல்ல. ஆனால் சட்டம் படித்தவர்கள் எழுதியதை எல்லாம் வரி விடாமல் அடித்தவர். கலியாணம் செய்யவில்லை. சாம்பல்தீவில் தமக்கையோடு இருந்தார். பிடிவாதக்காரி. பிழை தன்னுடையதாக இருந்தால் மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக அடுத்த நாள் மோதகம் கொண்டுவருவார். எங்கள் "கரைவலை மாலை"யின் செயலாளர் அவர். விளம்பரப் பொறுப்பு எனக்கு.

நிலாவெளிப் பக்கம் ஒரு கம்பனி வருடா வருடம் பெரிய கடற்கரை விழா நடத்துகிறது. வெளியூர்க்காரர், வெள்ளைக்காரர் எல்லாம் வருவார்கள். அதே வாரத்தில் நாங்களும் எங்கள் கரையில் மூன்று மாலை கூடிச் சமைத்து, பாடி, வலை இழுத்துக் காட்டுவோம் என்று தொடங்கியதுதான் கரைவலை மாலை. பெரிய தேர் ஓடும் வீதியில் கச்சான் கடலை விற்பது போலத்தான். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

முதல் வருடம் பதாகைக்கு நான் பொறுப்பு. பெரிய விழாவின் இலச்சினையை எடுத்து எங்கள் பெயருக்குப் பக்கத்தில் நல்ல பெரிதாகப் போட்டேன். களவெடுக்கிறேன் என்று கனவிலும் நினைக்கவில்லை. மரியாதை செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். நான் கோயில் திருவிழா நோட்டீசு அடித்துப் பழகிய ஆள். அங்கே உபயகாரர் ஒருவரின் பெயர் விடுபட்டால் அடுத்த வருடம் வரை முகம் பார்க்க மாட்டார். அந்தக் கணக்கில்தான் கம்பனியையும் உபயகாரராக்கிவிட்டேன். அந்தக் கிழமை யோகா தமக்கையோடு கதிர்காமம் போயிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் பதினொரு பதாகை துறைமுக வீதி வரை ஏறிவிட்டது. கூடவே கம்பனியின் கடிதமும் வந்துவிட்டது: இரண்டு நாளில் இலச்சினையை அகற்ற வேண்டும், இல்லாவிட்டால் நீதிமன்றம்.

கூட்டத்தில் எல்லோரும் கொதித்தோம். கதிரையில் ஏறி நிற்காத குறையாக நான்தான் கூடச் சத்தம் போட்டேன். "கடலும் கரையும் எங்கட. இவங்கள் ஆர் எங்களுக்குச் சொல்ல? ஒண்டையும் கழட்டிறேல்லை!" என்றேன். கைதட்டினார்கள். யோகா கைதட்டல் ஓயும்வரை இருந்துவிட்டுச் சொன்னார்: "கரை எங்கட. குறி அவங்கட. அதைக் குடுத்திட்டுக் கரையில நிப்பம். அப்ப ஒருத்தராலயும் அசைக்க ஏலாது."

"மரியாதைக்குத்தானே போட்டனான்" என்றேன்.

"அண்ணை, கோயில் நோட்டீசில பேரைப் போடாட்டித்தான் கோவம். இது வியாபாரக் குறி. போட்டால் அவங்கட விழா எண்டு நம்பித்தான் சனம் வரும். அது வாற சனத்துக்கும் பொய். நாளைக்கு எங்கட இறால் வடை ஒருத்தருக்கு ஒத்துக்கொள்ளாட்டி அவங்களையோ போய்க் கேக்கிறது?"

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு கிழமை அவரோடு வேலைக் கதை தவிர வேறு கதை இல்லை. ஆனால் அடுத்த நாள் காலை ஏணி பிடித்தது நான்தான். கடதாசி ஒட்டி மறைத்தால் கடற்காற்று பிய்த்துவிடும் என்று, யோகா பிளேட் போட்ட வெட்டுக் கத்தியால் இலச்சினையைச் சதுரமாக வெட்டி எடுத்தார். வெட்டிய பதினொரு துண்டையும் அடுக்கிக் கட்டி, கடிதத்தோடு கம்பனிக்கே அனுப்பினார். பதாகைகளின் கீழே தூரிகையால் ஒரு வரி எழுதச் செய்தார்: "இது பெரிய விழாவின் நிகழ்ச்சி அல்ல." சின்ன எழுத்தில் எழுதலாமே என்று கேட்டேன். "ஏன் ஒளிக்கிறியள்? களவெடுத்தவைதானே ஒளிக்கோணும்" என்றார்.

அந்த வருடக் காற்றில் வீதியில் இருந்த மற்றப் பதாகைகள் எல்லாம் கிழிந்தன. ஓட்டை வழியே காற்றுப் போனதால் எங்களுடையவை நின்றன. வழியில் போனவர்கள் எல்லாம் "உதென்ன ஓட்டை?" என்று கேட்டார்கள். நாங்கள் கதை சொன்னோம். கதை கேட்டவர்கள் மாலைக்கும் வந்தார்கள். அடுத்த வருடம் பாறூக் ஓட்டைக்குக் கீழே தூரிகையால் ஒரு தோணி கீறினார். ஓட்டை தோணியின் பாய்மரப் பாயாகிவிட்டது. எங்களுக்கென்று ஒரு குறி வந்தது அப்படித்தான். யோகா அன்றைக்கே பாறூக்கிடம் கையெழுத்து வாங்கி, கீறியவர் பெயரோடு கோப்பில் வைத்தார்.

அவருடைய கண்டிப்பு எங்களையும் விடவில்லை. விளம்பரக் காணொளிக்கு நான் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டேன்; எடுக்கச் சொன்னார். வலை இழுக்கிறவர்களின் அம்பாப் பாட்டைப் போடலாம் என்றேன், அது ஊர்ப் பாட்டுத்தானே என்று. "பாட்டு ஆருக்கும் சொந்தமில்லை. பாடுற தொண்டைக்கு ஆள் இருக்கு" என்று சொல்லி, கட்டைபறிச்சான் வரை போய்ப் பாடியவர்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டு வந்தார். வெயிலில் அவரோடு அலைந்து நான் திட்டாத திட்டு இல்லை.

போன வருடம் கம்பனி இறங்கி வந்தது. எங்கள் மாலையை அவர்களுடைய பெயருக்குள் சேர்த்துக்கொள்வார்களாம், இலச்சினையும் இலவசமாம். எங்களில் பாதிப் பேருக்கு வாய் ஊறியது. யோகா கடிதத்தை மடித்தார். "அண்டைக்குக் களவெடுக்காத குறி, இண்டைக்குச் சும்மா தந்தாலும் வேண்டாம். எங்களுக்குப் பேர் இருக்கு." அவ்வளவுதான். இறப்பதற்கு முதல் நாள் என்னோடு பிடித்த சண்டையும் அதைப் பற்றியதுதான். இந்த வருடமாவது சேர்ந்தால் என்ன என்று கேட்டது நான். இதை மறைத்து இந்த அஞ்சலியை எழுத எனக்கு மனம் வரவில்லை.

செத்த வீட்டுக்குக் கம்பனியிலிருந்தும் ஓர் அதிகாரி வந்தார். மலர்வளையம், பெரிய அஞ்சலிப் பதாகை. ஒரு மூலையில் அவர்களுடைய இலச்சினை. மறு மூலையில் அதே அளவில் பாறூக்கின் தோணி. கீழே, "எமது விழாக் குடும்பத்தின் யோகா." எனக்குத் துக்கத்தை முந்திக் கோபம் வந்தது. உயிரோடு இருந்தபோது மசியாதவரைப் பாடையில் வைத்துச் சேர்த்துக்கொள்ளப் பார்க்கிறார்கள்.

"தம்பி, இந்தத் தோணியைப் போட ஆரிட்டக் கேட்டனீங்கள்?" என்றேன்.

"அஞ்சலிதானே அங்கிள். மரியாதைக்குத்தான் போட்டது."

அந்தச் சொல் என்னுடைய சொல். எனக்கு அவர்மேல் கோபம் குறைந்தது, கேள்வி குறையவில்லை. "வெட்டி எடுக்கட்டோ?" என்று கேட்டேன். பதாகை அவர்களுடைய சாமான். கேட்காமல் கை வைத்திருந்தால் யோகா எழும்பி வந்திருப்பார். அதிகாரி சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். "ஓம் அங்கிள், வெட்டுங்கோ" என்றார்.

யோகாவின் மேசை லாச்சியிலிருந்து அந்த வெட்டுக் கத்தியைத் தமக்கை எடுத்து வந்து தந்தார். தோணியையும் கீழே இருந்த வரியையும் வெட்டினேன். அவர்களுடைய இலச்சினையில் கத்தி படவில்லை. தோணித் துண்டைப் பாறூக்கிடம் கொடுத்தேன், அது அவருடையது. மிச்சப் பதாகையை நானே வாசலில் கட்டினேன். சுடலைக்குப் போகும்வரை அது கிழியாமல் நின்றது.

கத்தியை நான் வைத்துக்கொள்ளலாமா என்று தமக்கையிடம் கேட்டேன். ஓம் என்றார். யோகாவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் கத்தியும், வாய் திறக்க முன் வந்து நிற்கும் அவருடைய கேள்வியும்தான். இவை இரண்டும் இருக்கும்வரை இந்த விளம்பரப் பொறுப்பை நான் விடப்போவதில்லை. கம்பனியின் கடிதம் இந்த வருடமும் வந்திருக்கிறது. பதில் எழுதிவிட்டேன்: எங்களுக்குப் பேர் இருக்கு.