கழுத்துக்குப் போன கை

றக்பி மைதானத்தில் பந்து எங்கே போனாலும் நடுவர் கனிசியஸின் கண் எதிராளியைப் பிடிக்கிறவனின் கையில்தான் இருக்கும். "பந்து ஆரையும் அடிக்காது, கைதான் அடிக்கும்" என்பார். தோளுக்கு மேலே பிடித்தால் றக்பியில் குற்றம். கிழமை நாட்களில் குருநகரில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துவது தொழில். சனி, ஞாயிறுகளில் விசில். மருதனார்மடம் சந்தை நெரிசலில் யாராவது இடித்தால்கூட, "தோளுக்குக் கீழை தள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வார்.

அட்டை காட்டுவதிலும் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. குற்றம் செய்தவனை அருகே கூப்பிட்டு, தன் மூச்சு சீராகும்வரை பேசாமல் நிற்பார். "கோவத்திலை எடுத்தால் மஞ்சளும் சிவப்பாத்தான் தெரியும்."

சென்ற மாதம் குருநகர் அணிக்கும் சாவகச்சேரி அணிக்கும் ஆட்டம். கனிசியஸின் தெருவிலேயே பிறந்து வளர்ந்த லெனாட் பந்தோடு ஓடினான். எதிரணி இளைஞன் டினேஸ் நெஞ்சுக்கு நேரே கையைப் போட்டான். அந்த நேரம் பார்த்து லெனாட்டின் கால் சறுக்கி உடம்பு தாழ்ந்தது. கை கழுத்தில் விழுந்தது. லெனாட் எழும்பவில்லை.

கனிசியஸ் நின்றார், மூச்சு விட்டார், சிவப்பு அட்டையை எடுத்தார். டினேஸ் அழுதுகொண்டே வெளியே போனான்.

இனி எவ்வளவு காலம் அவனுக்குத் தடை என்பதை ஒழுக்காற்றுக் குழு தீர்மானிக்க வேண்டும். கவனக்குறைவு என்றால் சில ஆட்டங்கள். வேண்டுமென்றே செய்தது என்றால் ஒரு வருடம். மாவட்ட அணியில் அவனுக்குக் கிடைத்திருந்த இடமும் அதோடு போய்விடும்.

மறுநாள் விசாரணைக்குப் போகும் வழியில் கனிசியஸ் லெனாட்டைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனார். ஸ்கான் முடிவு இன்னும் வரவில்லை. லெனாட்டின் தாய் சுவர்ணா வாசலிலேயே மறித்தாள்.

"அண்ணை, என்ரை பிள்ளை கழுத்தை அசைக்கேலாமல் கிடக்கிறான். அவனைச் சும்மா விடாதேங்கோ."

கனிசியஸ் அவள் கையைப் பிடித்துவிட்டு நடந்தார்.

குழுத் தலைவர் சூசைதாசன் நேரே விஷயத்துக்கு வந்தார். "வேணுமெண்டு செய்தவனோ?"

"இல்லை ஐயா. கை முதல் நெஞ்சுக்குத்தான் வந்தது. லெனாட் சறுக்கித் தாழ்ந்திட்டான். எண்டாலும் இவன் தன்ரை கையைப் பின்னுக்கு இழுத்திருக்கலாம், இழுக்கேல்லை. அது பிழைதான்."

"பெடியன்ரை கழுத்து முறிஞ்சிருந்தால்?"

"முறிஞ்சிருந்தாலும் நான் கண்டது இதுதான்."

மூன்று ஆட்டங்கள் தடை என்றார்கள். டினேஸ் முகத்தைப் பொத்திக்கொண்டு கதிரையிலேயே இருந்துவிட்டான். பிறகு நன்றி சொல்ல ஓடி வந்தவனிடம், "இனிமேல் இடுப்பிலை பிடி" என்றதோடு சரி. மோட்டார் சைக்கிளைத் திரும்ப ஆஸ்பத்திரிக்கே விட்டார்.

லெனாட் கட்டிலில் எழும்பி உட்கார்ந்திருந்தான்.

"எலும்பிலை ஒண்டுமில்லையாம், அண்ணை. சுளுக்குத்தானாம்," என்றாள் சுவர்ணா. முகமெல்லாம் கண்ணீர்.

"அவன் வேணுமெண்டு செய்யேல்லை எண்டு சொல்லிப்போட்டன், தங்கச்சி."

அவள் மகனைப் பார்த்தாள்.

"ஓமம்மா, நான்தான் சறுக்கினனான்," என்றான் லெனாட்.

அவள் பெருமூச்சு விட்டு, கனிசியஸின் பக்கமாகக் கதிரையை நகர்த்தினாள். அவர் அதில் இருக்கவில்லை. கட்டிலருகே குனிந்தார்.

"கழுத்தைத் திருப்பு பாப்பம்."

லெனாட் மெல்ல இடப்பக்கம் திருப்பினான். பிறகு வலப்பக்கம்.

"இன்னொருக்கா," என்றார் கனிசியஸ்.