மாகறலுக்குப் போன ஆறு வாழைக்கன்றுகள்

நோன்பு இருந்த ஒரு பெண்மணியின் கடற்பாசி இனிப்பைத் திருடித் தின்றவன் நான். மெகருன்னிசா டீச்சரைத் தெரிந்த நீங்கள் எப்படியும் இதை வைத்துத்தான் என்னை அடையாளம் காண்பீர்கள் என்பதால், நானே முந்திக்கொள்கிறேன். உத்திரமேரூர்ப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் அவர் தாவரவியல், நான் தமிழ்.

போன வாரம் காய்கறிக் கடையில் நிற்கும்போது பழைய மாணவி செல்வி போனில் அழைத்தாள். "சார், டீச்சர் பூட்டாங்க சார்" என்றாள். "எந்த டீச்சர்?" என்று கேட்டேன். செல்விக்கு ஒரே ஒரு டீச்சர்தான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன். சாவுச் செய்தியில் வேறு ஏதாவது பெயர் வந்துவிடாதா என்ற நப்பாசை.

திருட்டுக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ரம்ஜான் மாதம். டீச்சரின் ஆய்வறை அலமாரியில் வரிசையாக ஜாம் பாட்டில்களில் கடற்பாசி ஜெல்லிபோல உறைந்திருந்தது. நோன்பு திறக்க வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். நினைத்தும் தின்றேன், அதுதான் கேவலம். மூன்றாவது பாட்டிலில் கை இருந்தபோது, பிளஸ் ஒன் பிள்ளைகளோடு உள்ளே வந்தார்.

"சார், அது வாழைக்கு வச்ச சாப்பாடு. சக்கரை, எளநீர், எங்க வூட்டு மளிகைக்கடை கடற்பாசி, கொஞ்சம் உரம்."

"உரமா?"

"பயப்படாதீங்க. ஒரு மாசத்துல தளிர் வுடுவீங்க."

பிள்ளைகள் சிரித்த சிரிப்பு ஓய்வு பெறும்வரை என்னைத் துரத்தியது. தண்டனையாக, சனிக்கிழமைதோறும் பாட்டில் கழுவும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

அப்படித்தான் பாட்டிலுக்குள் வாழைக்கன்று உண்டாக்கும் அந்தத் திசு வளர்ப்பு வித்தையைப் பார்த்தேன். கிருமியைக் கொல்ல அவர் வீட்டு பிரஷர் குக்கர். தூசு படாமல் வேலை செய்ய, பக்கவாட்டில் சாய்த்த மீன் தொட்டி. அதற்குள் கைவிட்டு, வாழைக்கிழங்கின் உள்குருத்தை நகக்கண் அளவு வெட்டி, பாட்டிலுக்குள் பிள்ளைகளே வைக்க வேண்டும். பாதிக்கு மேல் கறுப்பாகப் பூசணம் பிடிக்கும். சிலர் அழுவார்கள். "அழுதா ஆச்சா? யார் கையில இருந்து வந்துச்சுன்னு கண்டுபிடி" என்பார். என்னிடம் ஒருமுறை சொன்னார்: "மார்க்கு யார் வேணா வாங்கலாம் சார். நாளைக்கு ஒரு லேபுல வேலைக்கு நிறுத்தினா இதுங்களுக்குக் கை நடுங்கக் கூடாது."

நடுங்காத கை செல்வியுடையது. மாகறல் விவசாயி மாணிக்கத்தின் மகள். பிளஸ் டூ முடித்ததும் அத்தை மகனுக்கு என்று பேச்சு முடிந்திருந்தது. பிளஸ் டூ தொடக்கத்தில், அவள் கைப்பட வளர்ந்த ஆறு கன்றுகளோடு டீச்சர் மாகறலுக்கு பஸ் ஏறினார். "பேசறதுக்கு ஒரு தமிழ் வாத்தியார் வேணும்" என்று என்னையும் இழுத்துக்கொண்டார்.

"இன்னா டீச்சரம்மா, பாட்டில்ல பொறந்த வாழையா?" என்றார் மாணிக்கம்.

"ஆமாண்ணே. உங்க பொண்ணு பெத்தது."

சம்பந்தியாகப் போகும் அவருடைய அக்கா வரப்பிலிருந்தே குரல் கொடுத்தார்: "பாட்டில்ல வாழ வளத்தவ வூட்ல சோறாக்குவாளா?"

நான் தொண்டையைக் கனைத்துக் கல்வியின் பெருமையைத் தொடங்கினேன். "சார், நீங்க சும்மா இருங்க" என்றார் டீச்சர். பிறகு மாணிக்கத்திடம், "ஆறையும் நடுங்க. ஒண்ணு குலை தள்ளினாலும் புள்ளைய காலேஜுக்கு அனுப்புங்க. தள்ளலன்னா கல்யாணப் பந்தியில நானே வந்து பரிமாறறேன்" என்றார். மாணிக்கம் அக்காவைப் பார்த்தார். தலையாட்டினார்.

அதன்பின் ஒவ்வொரு திங்கட்கிழமையும் செல்வியிடம் ஒரே கேள்விதான்: "எத்தினி எல?" ஐப்பசியில் செய்யாற்றுத் தண்ணீர் வயலுக்குள் வந்தது. பத்து நாள் செல்வி பள்ளிக்கு வரவில்லை. டீச்சர் காலியான மீன் தொட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஒரு புள்ள வாழ்க்கைய ஆறு கன்னு மேல வச்சுட்டேனே சார். எனக்கு இன்னா திமிரு" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

செல்வி திரும்பி வந்து, "அஞ்சு பூட்ச்சி டீச்சர். ஒண்ணு கீது" என்றாள்.

அந்த ஒன்று பங்குனியில் குலை தள்ளியது. செல்வி சென்னைக்குப் படிக்கப் போனாள். இன்று ஒரு ஆய்வகத்தில் அவளுக்குக் கீழே நாலு பேர்.

கடைசியாக டீச்சரை அவர் வீட்டில் பார்த்தபோது அவரால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. "கை நடுங்குது சார். இனிமே என்ன எந்த லேபுலயும் சேக்க மாட்டாங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரையே சிரிக்க வைப்பதாகப் பீற்றிக்கொள்பவன், டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியது ஒரே பழக்கம். காலி பாட்டில் எதையும் தூக்கிப் போட வராது. கழுவி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இன்னொரு முறை கழுவுவேன். வீட்டில் இப்போது அறுபதுக்கு மேல் இருக்கின்றன. எதற்கு என்று மனைவி கேட்டால் இன்னொன்றைக் கழுவப் போய்விடுவேன்.

அடக்கம் முடிந்து வெளியே வந்தபோது மாணிக்கம் என் தோளைத் தொட்டார். "சார், அந்த ஒண்ணும் தண்ணியிலயே பூட்ச்சி. பக்கத்தூரு பெருநகர்ல இருந்து இடுப்பு ஒசரக் கன்னு ஒண்ணு பேத்தாந்து நான்தான் நட்டேன். அக்கா வாய அடைக்கணுமே."