போனுக்குள் இருக்கிற வாப்பா

தோஹாவில் எங்கள் அறையில் ஆறு பேர் இருக்கிறோம். வேலை முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டானதும் ஆறு பேரும் அவரவர் கட்டிலில் ஏறிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வோம். புதிதாக யாராவது அந்த நேரத்தில் கதவைத் திறந்தால், இவர்களுக்கு என்ன பைத்தியமா என்றுதான் நினைப்பார்கள். முதுகுகள் மட்டும் தெரியும். ஒரு முதுகு வங்க மொழியில் யாரையோ பல் விளக்கச் சொல்லும். இன்னொரு முதுகு நேபாளியில் தாலாட்டும். கன்னியாகுமரிக்காரர் ஒருவர் மகனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். மேல் கட்டிலில் கிடக்கும் நான் பூனையாகக் கத்துவேன். என் மகளோடு பேச்சு எப்போதும் ‘மியாவ்’ என்றுதான் தொடங்கும். அடுத்தவர் வீட்டுக் கதை காதில் விழுந்தாலும் விழாத மாதிரி இருப்பதுதான் இங்கே மரியாதை. எங்கள் ஊர் பஸ்ஸில் ஒருவர் போனில் பேசினால், முன்னால் இருப்பவர் திரும்பி ஆலோசனையே சொல்லிவிடுவார்.

நான் இலங்கையில் கண்டிப் பக்கம் அலவத்துகொடக்காரன். இங்கே ஏசி திருத்துவது வேலை. மகள் மின்ஹா தவழத் தொடங்கிய நாட்களில் விமானம் ஏறினேன். இரண்டு வருடத்தில் லீவு என்றார்கள். அது தள்ளிப்போய்த் தள்ளிப்போய் மூன்று வருடத்தை நெருங்கியது. அதற்குள் அவள் எழுந்து நின்றாள், நடந்தாள், பேசினாள். எல்லாவற்றையும் போனில்தான் பார்த்தேன். பார்த்தேன் என்று மட்டும் சொன்னால் எனக்கு மனம் ஆறாது. என் பங்குக்கு வளர்க்கவும் செய்தேன். அவளைக் கக்கூசுக்குப் பழக்கிய காலத்தில் மனைவி ஸில்மியா போனைக் கதவோரம் சாய்த்து வைப்பாள். நான் இங்கிருந்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று சத்தம் கொடுப்பேன். உம்மா கொடுத்தால் வராதது வாப்பா கொடுத்தால் வந்துவிடும். “தோஹாவில இருந்து பைப்பைத் தொறந்து உடுறீங்க” என்று ஸில்மியா சிரிப்பாள். அறையில் மற்ற ஐந்து பேரும் அதையும் கேட்காத மாதிரியே இருந்தார்கள்.

ஒரு நாள் பெரிய வீடொன்றில் ஏசி கழுவிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் நல்ல மனிதர். தன் சின்ன மகளைத் தோளில் வைத்துக்கொண்டு, எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தார். போனில் மின்ஹாவைக் காட்டினேன். “மாஷா அல்லாஹ்” என்று வாங்கிப் பார்த்தவர், “லேஷ் மூ ஹினி?” என்றார். ஏன் இங்கே இல்லை என்று அர்த்தம். என் சம்பளத்துக்குக் குடும்ப விசா தரமாட்டார்கள் என்று விளக்க என்னிடம் இருந்த அரபு போதவில்லை. “ஸ்ரீலங்கா குட்” என்றேன். எனக்கு ஊர்ப்பற்று அதிகம் என்று நினைத்து அவர் சந்தோஷமாக முதுகில் தட்டினார். நானும் ஊர்ப்பற்று உள்ளவன் மாதிரி ஏணியில் ஏறிவிட்டேன்.

கடைசியில் லீவு கிடைத்தது. வீட்டு வாசலில் பெட்டியை இறக்கி வைத்துக் கையை விரித்தேன். மின்ஹா ஸில்மியாவின் பின்னால் போய் ஒளிந்தாள். “பாருங்க மகள், வாப்பா வந்தீக்கிறார்” என்று ஸில்மியா முன்னால் தள்ளினாள். மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே ஓடிப்போய் அலுமாரித் தட்டில் இருந்த போனை எடுத்து வந்து எனக்கு நீட்டினாள். “வாப்பா இதுக்குள்ள ஈக்கிறார்” என்றாள். பக்கத்து வீட்டார் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடிந்த பிறகுதான் வலித்தது.

முதல் நாட்களில் அவளைப் பழக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. சொக்லேட், பொம்மை, பலூன், ஒன்றும் சரிவரவில்லை. மாலையானால் வாப்பாவோடு பேச வேண்டும் என்று போனைப் பிடித்துக்கொண்டு அழுவாள். வேறு வழியில்லாமல் நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஸில்மியாவின் போனுக்கு அழைப்பேன். ‘மியாவ்’ என்பேன். முன்னறையில் மகள் குதிப்பது சுவர் வழியே கேட்கும். பேசி முடித்து நான் வெளியே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். என் பிள்ளையின் அன்பு முழுவதும் எனக்குத்தான், ஆனால் ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கும் எனக்கு. அதை யாரிடம் சொல்லி அழுவது?

மெல்ல மெல்ல மாறினாள். குளத்தடிக்குக் கூட்டிப் போனேன், தலை வாரப் பழகினேன், சோறு ஊட்டினேன். மூன்றாவது கிழமை ஒரு காலை, பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த என் முழங்காலில் வந்து சாய்ந்தாள். “நீங்க ஊட்டு வாப்பா” என்றாள், வீட்டில் இருக்கிற வாப்பா. “அவர் போன் வாப்பா.” தனக்கு இரண்டு வாப்பா என்று அவளே தீர்மானம் செய்துவிட்டாள். எனக்கு அது போதும் என்றிருந்தது. திரும்பிப் போவதற்குள் இரண்டு பேரும் ஒருவர்தான் என்று புரியவைத்துவிடலாம் என்று நம்பினேன். அதைவிடப் பெரிய ஆசை அந்த லீவில் எனக்கு இருக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் திகதியும் அந்தக் கிழமையில்தான் வந்தது. நான் இல்லாத காலத்தில் மின்ஹாவுக்குத் திரும்பத் திரும்பக் காய்ச்சல் வந்திருக்கிறது. சிறுநீரில் கிருமி. மருந்தில் சுகமாகும், பிறகும் வரும். சிறுநீர் பின்னோக்கிச் சிறுநீரகத்துக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். மெல்லிய குழாய் ஒன்றைச் சிறுநீர் வாசல் வழியாக விட்டு, சிறுநீர்ப்பையை மருந்துத் தண்ணீரால் நிரப்பி, பிள்ளை அந்த மேசையிலேயே சிறுநீர் கழிக்கும்போது எக்ஸ்ரே எடுப்பார்கள். “நீங்க ஈக்கிற நேரம் பாத்துத்தான் திகதி கேட்டேன்” என்றாள் ஸில்மியா. கேட்டபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மகளின் ஒரு காரியத்துக்காவது நான் பக்கத்தில் நிற்கப் போகிறேன்.

படம் எடுக்கப் போகிறோம் என்று சொல்லிவைத்திருந்தோம். அதுவே வம்பாகிவிட்டது. படம் என்றால் பெருநாள் கவுன்தான் போட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். மணிகள் தைத்த ஊதாக் கவுனோடு, என் விரலைப் பிடித்துக்கொண்டு மாத்தளையிலிருந்து வந்த கண்டி பஸ்ஸில் ஏறினாள். தூறிக்கொண்டிருந்தது. அக்குரணை தாண்டியதும் என் மடிக்கு மாறினாள். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனங்கள் நகரவேயில்லை. எனக்கு அது நகராமலே இருந்தாலும் பரவாயில்லை போலிருந்தது. “ஊட்டு வாப்பாவும் படத்துல நிக்கோணும்” என்றாள். “நிக்கிறேன் மகள்” என்றேன்.

எக்ஸ்ரே அறை வாசலில் தாதி ஸில்மியாவைப் பார்த்து, “அம்மா, பபெக் ஹம்ப வென்ன இன்னவாத?” என்று கேட்டார். வயிற்றில் பிள்ளை இருக்கிறதா என்று. ஸில்மியா என்னைப் பார்த்தாள், பிறகு நிலத்தைப் பார்த்தாள். நிச்சயமில்லை, ஆனால் சந்தேகம் இருக்கிறது என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னாள். சரியாகத் தெரிந்த பிறகு எனக்குச் சொல்ல நினைத்திருக்கிறாள். அப்படித்தான் எனக்கு அந்தச் சந்தோஷச் செய்தி கிடைத்தது, ஆஸ்பத்திரி நடைபாதையில், இன்னொருவர் கேட்ட கேள்விக்குப் பதிலாக. சந்தேகம் இருந்தால்கூட உள்ளே விடமுடியாது, கதிர்கள் கூடாது என்றார் தாதி. “நீங்கதான் போகோணும்” என்றாள் ஸில்மியா. அவள் கண் கலங்கியிருந்தது.

எனக்கு ஈய அங்கி ஒன்றைப் போட்டுவிட்டார்கள். பிள்ளை அசையாமல் பிடித்துக்கொள்வது என் பொறுப்பு. முதலில் கவுனைக் கழற்ற வேண்டும் என்றார்கள். மணிகள் படத்தில் விழும். கவுன் இல்லாமல் என்ன படம் என்று மின்ஹா அழத் தொடங்கினாள். அறை குளிர்ந்துகொண்டிருந்தது. மகளின் கால் நடுங்குவதைக் கண்டு, ஏசியைக் கொஞ்சம் குறைக்கலாமா என்று கேட்டேன். மெஷினுக்கு இந்தக் குளிர் வேண்டும் என்று தாதி சொன்னார். அது எனக்குத் தெரியாததா? இப்படிக் குளிர் ஊட்டித்தானே நான் சாப்பிடுகிறேன். ஊரெல்லாம் குளிரைக் கூட்டிக் குறைக்கும் எனக்கு, என் பிள்ளைக்கு ஒரு பாகை குறைக்க வழியில்லை.

குழாய் விடும்போது அவள் கத்திய சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது. தாதி கெட்டிக்காரர், கை பதமானது, சிங்களத்தில் கொஞ்சிக்கொண்டே செய்தார். ஆனாலும் மூன்று வயதுப் பிள்ளைக்கு அது என்ன நியாயம்? தலைமாட்டில் நின்று அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் ஒரு கையில் பிடித்திருந்தேன். என் முகத்தை நேராகப் பார்த்து, “உடுங்க ஊட்டு வாப்பா, உடுங்க” என்று கெஞ்சினாள். விடவில்லை. கொஞ்ச நேரத்தில் கெஞ்சுவதை நிறுத்தினாள். “போன் வாப்பாட்ட செல்லுவேன்! போன் வாப்பா ஒங்களுக்கு அடிப்பார்!” என்று கத்தினாள்.

அடுத்தது அதைவிட மோசம். பை நிறைந்துவிட்டது, இனி அவள் சிறுநீர் கழிக்க வேண்டும். “சூ தான்ன பபா, கமக் நே” என்று, இங்கேயே சூ போனாலும் பரவாயில்லை என்று, தாதி தடவிக்கொடுத்தார். மின்ஹா காலை இறுக்கிக்கொண்டாள். கண்ட இடத்தில் பெய்யக்கூடாது, படுக்கையில் பெய்யக்கூடாது என்று நாங்கள் சொல்லிச் சொல்லித்தானே வளர்த்தோம். சொன்னதைக் கேட்கும் பிள்ளை அவள். வயிறு உப்பி, உதடு நடுங்கி, அப்படியே அடக்கிக்கொண்டிருந்தாள். நான் ‘ஸ்ஸ்ஸ்’ என்று பார்த்தேன். “நீங்க செல்ல வாணாம்” என்று முகத்தைத் திருப்பினாள். வராவிட்டால் எல்லாவற்றையும் இன்னொரு நாள் முதலிலிருந்து செய்ய வேண்டிவரும் என்று தாதி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அங்கிக்குள் கையை விட்டுப் போனை எடுத்தேன். யாருக்கும் அழைக்கவில்லை. மகளின் காதோரம் அதை வைத்துவிட்டு, அவள் கண்ணில் படாதபடி தலைமாட்டுக்குக் கீழே குனிந்தேன். “மியாவ்” என்றேன்.

அழுகை நின்றது.

“வாப்பா?”

“ஓ மகள்.”

“ஒங்கட மொகம் வருதில்ல.”

“நெட் சரியில்ல மகள். சத்தம் கேக்குதா?”

“கேக்குது.” விம்மினாள். “வாப்பா, ஊட்டு வாப்பா என்ட கையப் புடிச்சிட்டு ஈக்கிறார். நோகுது. அவருக்கு ஏசுங்க.”

“ஏசுறேன் மகள்.”

“இப்ப ஏசுங்க.”

ஏசினேன். “டேய், என்ட மகளை ஏன்டா புடிச்சீக்கிற? உடுடா!” என்று அந்த அங்கிக்குள் குனிந்துகொண்டு என்னையே ஏசினேன். கையை மட்டும் விடவில்லை. அவளுடைய சின்ன மணிக்கட்டுகள் என் கைக்குள் தளர்ந்தன. “இனி ஒன்டுமில்ல, வாப்பா ஈக்கிறேன். சூ போங்க மகள். ஸ்ஸ்ஸ்” என்றேன். மேசையில் வெதுவெதுப்பாகப் பரவியது. மெஷின் கிர்ரென்று தன் வேலையைச் செய்தது. தாதி “ஹரி, ஹரி”, சரி சரி என்று கைதட்டாத குறை. நான் நிமிரவில்லை. அழுத முகத்தோடு அவள் கண்ணில் பட்டால் எல்லாம் கெட்டுவிடும்.

குழாயை எடுத்துத் துடைத்துவிட்டு, போனில் யார் என்று தாதி சிங்களத்தில் கேட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. நான் உண்மையாகவே யாரோடோ பேசினேன் என்று நினைத்திருக்கிறார். “பிள்ளையின் வாப்பா” என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “எதகொட ஒயா?” என்றார். அப்படியானால் நீங்கள் யார்?  அங்கியைக் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

திரும்பி வரும்போது மின்ஹா ஸில்மியாவின் மடியை விட்டு இறங்கவில்லை. பக்கத்து இருக்கையில் ஊதாக் கவுனைக் கையில் வைத்துக்கொண்டு நான் இருந்தேன். மிச்சமிருந்த நாட்களில் என் கையால் ஒரு வாய் சோறு வாங்கவில்லை. “உங்கட நன்மைக்குத்தானே மகள் வாப்பா புடிச்ச” என்று ஸில்மியா எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தாள். நான் போக வேண்டிய அன்று வேன் வந்ததும் கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். அந்தச் சந்தில் தெரிந்த பாதத்தைத்தான் கடைசியாகப் பார்த்தேன்.

இப்போது திரும்பவும் மேல் கட்டில். பரிசோதனை முடிவு வந்துவிட்டது: ஒரு பக்கத்துக்குச் சிறுநீர் பின்னோக்கிப் போகிறது, தினமும் மருந்து, ஒரு வருடம் கழித்து அதே பரிசோதனை. வயிற்றுப் பிள்ளையும் நிச்சயமாகிவிட்டது. “அந்த நேரம் எனக்குக் கைப்பிள்ளை ஈக்கும். நீங்களும் இல்ல. அவளை யார் புடிக்கிற?” என்று நேற்று ஸில்மியா கேட்டாள்.  பிறக்கப் போகும் பிள்ளைக்கும் நான் இதற்குள்தான் இருப்பேன் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மின்ஹா வந்து போனைப் பறித்தாள். மருந்து கசக்கிறதாம். பொம்மைக்கும் காய்ச்சலாம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“வாப்பா, ஊட்டு வாப்பா போயிட்டார்.”

“ஓ மகள், தெரியும்.”

“திரும்ப வருவாரா?”

 ஒருவேளை தேடுகிறாளோ என்று ஒரு நப்பாசை. “வரோணுமா மகள்?” என்று கேட்டேன்.

“வாணாம். அங்கயே ஈக்கச் செல்லுங்க.”

“சரி மகள்,” என்றேன், “அங்கயே ஈக்கச் செல்றேன்.”

அவளுக்குத் திருப்தி. திரையோடு வாயை வைத்து எனக்கு ஒரு முத்தம் கொடுத்தாள்.