துர்கா வாய் திறக்காத ஆடி மாதம்

நெல்லித்தோப்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் தள்ளுவண்டியில் இட்லி விற்கும் கோவிந்தராசுவுக்குத் தன் கையைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், கை அப்படிப்பட்டது. வேலை பார்த்த பஞ்சாலையை இழுத்து மூடியபோது, உடன் இருந்தவர்கள் வாட்ச்மேனாகவும் ஆட்டோக்காரர்களாகவும் சிதறிப் போனார்கள். இவர் மட்டும் கையை நம்பி வண்டி போட்டார். காரச் சட்னிக்கு அவர் கரண்டி போட மாட்டார். மிளகாயும் பூண்டும் அரைத்த விழுதில் நல்லெண்ணெயை ஊற்றி, மணிக்கட்டு முங்கும்படி கையை விட்டுப் பிசைவார். "கைமணம்யா ஒனக்கு" என்று ஜனங்கள் சொல்லச் சொல்ல, கரண்டியைத் தொடுவதே தன் தொழிலுக்கு அவமானம் என்ற முடிவுக்கு வந்திருந்தார்.

கல்யாணம் தாமதம். குழந்தை அதைவிடத் தாமதம். சுனாமி வந்து ஒரு வருஷம் திரும்புகிற மார்கழியில், காதோரம் நரைத்த கோவிந்தராசுவின் கையில் துர்காவைத் துணியோடு கொடுத்தார்கள். "ஆறு மாசம் தாய்ப்பால் மட்டுந்தான், தண்ணிகூட வேணாம்" என்று நர்சம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கோவிந்தராசு அதை நம்பவில்லை. ஊருக்கே சோறு போடுகிறவருக்கு ஒரு பருக்கைகூட இல்லாமல் ஒரு உயிர் வளரும் என்றால் எப்படி நம்புவார்? ஆனால் கண்ணெதிரே வளர்ந்தது. தொடையில் மடிப்பு விழுந்தது, கன்னம் உப்பியது, நகம் வெட்ட வெட்ட முளைத்தது. அடுப்பு இல்லை, ஆவி இல்லை, உப்புப் பார்க்க ஆளில்லை. அவர் மனைவி செந்தமிழ்ச்செல்வி சுவரில் சாய்ந்தபடி, பாதித் தூக்கத்தில், ஒரு முழு மனுஷியைத் தயார் செய்துகொண்டிருந்தாள். அவருக்கு உடம்பு சிலிர்த்தது. கோயிலில்கூட அவர் அப்படி நின்றதில்லை.

செல்விக்குச் சேதராப்பட்டுப் பக்கம் ஒரு சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலை. பல வருஷம் தினக்கூலியாகக் கிடந்து, அப்புறம்தான் நிரந்தரமான வேலை. பிரசவ லீவு முடிந்தும் கெஞ்சிக் கூத்தாடி நீட்டியிருந்தாள். ஆவணி பிறந்தால் வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்கள். காலையில் போனால் சாயங்காலம்தான் திரும்ப முடியும். அதற்குள் துர்கா நாலு வாய் சாப்பிடப் பழகியாக வேண்டும்.

ஆனியில் ஒரு வெள்ளிக்கிழமை வீராம்பட்டினம் அம்மன் கோயிலுக்குப் போனார்கள். அவர்கள் பக்கத்தில் முதல் வாய் அப்பன் ஊட்டுவதுதான் வழக்கம். வாடிக்கையாளர்களை ஏமாற்றக் கூடாது என்று காலை வியாபாரத்தை முடித்து, சோப்புப் போட்டுக் குளித்து, புதுச் சட்டையில் கிளம்பினார். பிரசாதச் சர்க்கரைப் பொங்கலில் துளி எடுத்து, விரலால் மசித்து, அம்மா மடியில் இருந்த துர்காவின் நாக்கில் வைத்தார்.

குழந்தை ஒரு கணம் யோசித்தது. அடுத்த கணம் கோயிலே திரும்பிப் பார்க்கும்படி அலறியது. உதடு சிவந்து, மூக்கு ஒழுகி, மூச்சு முட்ட அழுதது. "கூட்டத்தப் பாத்து மெரண்டுடுச்சி" என்றார்கள். "கண்ணு பட்டுடுச்சி" என்றார்கள். அவரும் திருஷ்டி கழித்தார்.

அன்றிலிருந்து துர்கா வாயைப் பூட்டிக்கொண்டாள். கை கிட்டே வருவது தெரிந்தாலே உதட்டை உள்ளே மடித்து முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அப்பன் கை, அம்மா கை எதுவும் ஆகாது. ஸ்பூனைத் தட்டிவிடுவாள். ராகிக் கூழை வேட்டித் துணியில் வடிகட்டிக் கொடுத்தார். பருப்புச் சாதத்தை நெய்விட்டுக் குழைத்தார். வாழைப்பழத்தை வெண்ணெயாக மசித்தார். தட்டில் மிச்சம் வைத்துப் போன வாடிக்கையாளரை அறியாத மனிதர், பல் முளைக்காத ஒரு வாய்க்கு முன்னால் தோற்றுப்போய் உட்கார்ந்திருந்தார். செல்வி வேலைக்குப் போனபின் குழந்தையைப் பார்த்துக்கொள்வதாக ஏற்றுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ராஜாம்பாளுக்கும் கவலை.

"பால நிறுத்துடி, பசிச்சா தானா துன்னும்" என்றாள் ராஜாம்பாள்.

செல்விக்குக் கோபம் வந்துவிட்டது. "பால் என்னாக்கா லஞ்சமா, கண்டிஷன் போட்டுக் குடுக்கறதுக்கு? வேல போனாப் போவட்டும்."

வேலை போகட்டும் என்று சொன்னவள் அன்று ராத்திரி கம்பெனி யூனிபாரத்தை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டாள்.

ஆடி பாதி ஓடிவிட்டது. ஒருநாள் காலை, வண்டியில் கடைசிச் சட்னியும் தீர்ந்து, கோவிந்தராசு கை கழுவிக்கொண்டிருந்தார். தினமும் நாலு இட்லி சாப்பிடும் ஏட்டு ஜானகிராமன் தன் சிவப்புப் போலீஸ் தொப்பியைக் கழற்றி உதறியதில், அதிலிருந்த தூசி அவர் கண்ணிலேயே விழுந்தது.

"யோவ் கோவிந்தராசு, இன்னாமோ உறுத்துது, கொஞ்சம் எடுத்து வுடுய்யா."

கோவிந்தராசு இன்னொரு தரம் சோப்புப் போட்டுக் கையைத் துடைத்து, இமையை விலக்கி விரல் நுனியால் தொட்டார். ஏட்டு அலறிய அலறலில் எதிர்க்கடைக்காரர் ஓடி வந்தார்.

"கொல்றியே பாவி! கையில இன்னாய்யா வச்சிருக்க?"

"ஒண்ணும் இல்லீங்க ஏட்டய்யா, இப்பத்தானே கழுவுனேன்..."

சொல்லிக்கொண்டே தன் கையைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அந்த அலறலை அவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார். வீராம்பட்டினத்தில் கேட்டிருக்கிறார். ஆலை இயந்திரத்திலும் இட்லிக் கொப்பரையிலும் காய்த்துப்போன அந்த விரல்களுக்குச் சூடும் தெரியாது, காரமும் தெரியாது. பிஞ்சு நாக்குக்குத் தெரிந்திருக்கிறது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். செல்வி அவர் விரலைப் பிடித்துத் தன் நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்த பிறகுதான் அவளுக்குப் பேச்சு வந்தது.

"கொழந்த உங்கள வேணான்னு சொல்லலங்க. மொளகாயத்தான் வேணான்னு சொல்லியிருக்கு."

அந்த வார்த்தை அவருக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை, அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்ட வேகத்தில் பார்க்கலாம். மறுநாளே கரண்டி வாங்கினார். "ருசி போச்சே" என்றார்கள். "போவட்டும்" என்றார். கைமணத்தில் அத்தனை கர்வம் வைத்திருந்தவர் சொன்ன பதில் அது.

ஆனால் கை சுத்தமாகிவிட்டது என்று துர்காவிடம் யார் சொல்வது? அவள் உதடு மடிந்தபடியே இருந்தது.

தேர்த் திருவிழா வந்தது. ஊர் மொத்தமும் வீராம்பட்டினத்தில். நெல்லித்தோப்பில் ஆளில்லை, வியாபாரமும் படுத்துவிட்டது. வரும் திங்கட்கிழமை செல்வி கம்பெனிக்குப் போக வேண்டும். போக மாட்டேன் என்று சொல்லியனுப்புவதாகக் காலையிலேயே முடிவு செய்துவிட்டாள். மிஞ்சிய இட்லியோடு கோவிந்தராசு மத்தியானம் வீட்டுக்கு வந்து, தட்டில் இரண்டை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். சட்னி இல்லை, வெறும் இட்லி. சாப்பிடவும் மனமில்லை.

செல்வியின் மடியிலிருந்து துர்கா நழுவினாள். வயிற்றால் தேய்த்துக்கொண்டு வந்தாள். அப்பனின் முழங்காலைப் பிடித்து நிமிர்ந்து, மடியில் சாய்ந்து உட்கார்ந்து, தட்டைப் பார்த்தாள். யாரும் ஊட்டவில்லை. யாரும் கூப்பிடவில்லை. ஐந்து விரலையும் விரித்து ஒரு இட்லியின் நடுவில் வைத்து அழுத்தினாள். பூப்போல விண்டு வந்ததைப் பிடிக்குள் வைத்து, கையைத் திருப்பித் திருப்பி ஆராய்ந்தாள்.

"ஏங்க..." என்று ஆரம்பித்த செல்வியை அவர் கண்ணாலேயே அடக்கினார்.

துர்கா முதலில் மூக்கில் இடித்தாள். அப்புறம் தாடையில். மூன்றாவது முறை கை வாயைக் கண்டுபிடித்துவிட்டது. உதடு திறந்தது. ஈறு அசைந்தது, கன்னம் குழிந்தது, நெற்றி சுருங்கி விரிந்தது. அந்தச் சின்னத் தொண்டை ஒருதரம் மேலே ஏறி இறங்கியது. விழுங்கிவிட்டாள்! கற்றுக்கொடுத்தது யார்? இத்தனை நாள் பாலை மட்டும் அறிந்த ஒரு வாய்க்கு இது தெரிந்தது எப்படி? எத்தனை ஆயிரம் பேர் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறார் கோவிந்தராசு! ஒரு மனுஷி முதன்முதலாகச் சாப்பிடுவதை இன்றைக்குத்தான் பார்த்தார். மூச்சு விடவும் பயமாக இருந்தது. சுவரோரம் செல்வி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

துர்கா இன்னொரு பிடி எடுத்துத் தின்றாள். இன்னொன்றும் தின்றாள். பிறகு எச்சில் ஒழுகப் பிசைந்த ஒரு பிடியோடு திரும்பி, அப்பனின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். கையை நீட்டி, அவர் மீசையிலும் உதட்டிலுமாக அழுத்தினாள்.

ஊருக்கெல்லாம் ஊட்டியவருக்கு, அவர் அம்மா போனபின் ஒருத்தரும் ஊட்டியதில்லை. அந்தக் குட்டிக் கைக்கு முன்னால் கோவிந்தராசு வாயைத் திறந்தார்.