சாப்பிட்டு முடியட்டும்

கபிரியேலைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது அவன் சாப்பிடும் அழகைத்தான். கூடங்குளத்துக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரன். அப்பாவைக் கடல் கொண்டுபோன வருஷமே, பன்னிரண்டு வயதில், மீன்பிடி வள்ளத்தில் ஏறினான். பிறகு சரக்குக் கப்பலில் பம்ப் வேலை. பசி பார்த்து வளர்ந்தவன், தட்டில் ஒரு பருக்கை மிஞ்சாது. அதே கப்பலில் நான் ரேடியோ ஆபீசர், கல்லிடைக்குறிச்சிச் சைவ வீட்டுக்காரன். சமையல்காரர் பீர் மைதீன் மேலப்பாளையம். நெல்லைச் சீமைக்காரர்கள் மூன்று பேர் ஒரே கப்பலில் அகப்பட்டால் ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்வது?

1994 அக்டோபர். தென்கொரியாவில் புசான் துறைமுகத்தில் கப்பலைப் பழுதுபார்க்கக் கரையேற்றியிருந்தார்கள். அந்தச் சனிக்கிழமை மூன்று பேரும் வெளியே போய்ச் சாப்பிடுவதாக ஏற்பாடு. சாயங்காலம் நாலரைக்குக் கப்பல் ஏஜெண்டின் ஆள் ஒரு தந்தியை என்னிடம் தந்துவிட்டுப் போனான். கபிரியேலுக்கு, அவன் மச்சினன் அஜின் அடித்தது. ‘கிரேஸி நிலைமை மோசம். உடனே போன் செய்யவும்.’ கீழே பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி ஒன்றின் நம்பர். கிரேஸி அவன் மனைவி, அப்போது ஏழு மாதக் கர்ப்பம். மூத்தவள் ரெனிஷாவுக்கு நாலு வயது.

எங்கள் பக்கம் சாவை யாரும் தந்தியில் நேராக அடிப்பதில்லை. மோசம், உடனே புறப்படு என்றுதான் அடிப்பார்கள். ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் விஷயம் தெரியும். என் அப்பாவுக்கும் அப்படித்தான் வந்தது. ஆகவே நான் பெரிய அறிவாளி, படித்ததுமே முடிவு கட்டிவிட்டேன், கிரேஸி போய்விட்டாள் என்று.

கபிரியேல் அப்போது கப்பலின் தொட்டிக்குள் துரு சுரண்டிக்கொண்டிருந்தான். மத்தியானம் சாப்பிடவில்லை. வெறும் வயிற்றுக்காரனிடம் சாவுச் செய்தி சொல்லக் கூடாது என்பதும் எங்கள் வழக்கம். சொன்னால் அப்புறம் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. தந்தியைப் பீர் மைதீனிடம் காட்டினேன்.

“சாப்பிட்டு முடியட்டும் வே. பொறவு பைய சொல்லுவோம்” என்றார் அவர்.

துறைமுக வாசலுக்கு எதிர்ச் சந்தில் இருந்தது அந்தக் கடை. குட்டை மேசையைச் சுற்றித் தரையில் உட்கார வேண்டும். மேசை நடுவே கரி நெருப்பு, அதன்மேல் கம்பி வலையில் மீன் சுட்டார்கள். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு கிண்ணங்களில் தொடுகறி, காலியானால் கேட்காமலே நிரப்பினார்கள். பக்கத்து மேசையில் கடைக்கார அம்மா கத்தரிக்கோலால் கறியை நறுக்கியதைப் பார்த்துக் கபிரியேலுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“அண்ணாச்சி, துணி வெட்டுத கத்திரியில கறிய வெட்டுதா பாருங்க!”

மிளகாய் போட்டுப் புளிக்கவைத்த முட்டைகோஸை மூன்று கிண்ணம் காலி செய்தான். “இந்தப் பக்குவத்தக் கேட்டு எழுதிட்டுப் போவணும். கிரேஸிக்கு உறைப்புன்னா உசுரு. பேறுகாலம் முடியட்டும், செஞ்சி போட்டுருவேன்.”

பீர் மைதீன் குனிந்துகொண்டார். எனக்கு வெறும் சோறுகூட இறங்கவில்லை. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் இதோ முடிந்துவிடும், சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். அவன் இன்னொரு சோறு வாங்கினான். அசைவம் தொடாத நான், மீன் துண்டை எடுத்து அவன் கிண்ணத்தில் வைத்தேன். அந்தக் கை இன்றைக்கும் எனக்கு ஆகாது.

எட்டு மணிக்கு வெளியே வந்தோம். தந்தியை நீட்டினேன். படித்ததும் தெருமுனை போன் பூத்துக்கு ஓடினான். நாலாவது தடவைதான் லைன் கிடைத்தது. அஜின் போட்ட சத்தம் பக்கத்தில் நின்ற எங்களுக்கே கேட்டது.

“மச்சான்! இப்பதான் மச்சான், அரைமணி நேரம் ஆவுது. பிள்ளயும் தங்கல. ஒங்க கொரலக் கேக்கணும்னே கெடந்தா. நர்ஸம்மா கட்டில போன் பக்கத்துலயே இழுத்துப் போட்டுருந்தாங்க.”

அஜின் எதையும் மறைக்கவில்லை. உள்ளதை உள்ளபடி அடித்திருக்கிறான். நாங்கள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவள் உயிரோடு இருந்திருக்கிறாள்.

கபிரியேல் போனை வைத்துவிட்டுத் தந்தியை விளக்கடியில் பிடித்தான். என்னிடம் தந்தபோது ஏஜெண்டின் ஆள் குறித்த நேரம் அதில் இருந்தது.

“அண்ணாச்சி, இது நாலரைக்கு வந்துருக்கு.”

“நீ வெறும் வயித்தோட இருந்தியேலே…”

அவன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். செவிட்டில் ஒரு அறை விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் ஊர் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. பிறகு அவன் கப்பல் ஏறவே இல்லை.

நாலு வருஷம் கழித்து, லீவில், நாங்குநேரி வழியாகப் பஸ் மாறி அவனைப் பார்க்கப் போனேன். மீனுக்கு ஐஸ் உடைக்கும் கொட்டகையில் வேலை. இளைத்துப் பாதியாகியிருந்தான். ரெனிஷா பள்ளிக்கூடம் போயிருந்தாள். ஐஸ்பெட்டி மேல் உட்காரவைத்து எனக்கு டீ வாங்கித் தந்தான். எத்தனையோ மாதம் மனதுக்குள் சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன். “என்னைய மன்னிச்சிருலே.”

ஐஸை உடைத்துக்கொண்டே பேசினான். “நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சிய. எனக்குத் தெரியும் அண்ணாச்சி. ஆனா ரெனிஷா கேக்குதா, அம்மா கடைசியா ஒங்கிட்ட என்ன சொன்னான்னு. அன்னைக்கு நான் தின்னது ஒவ்வொண்ணும் ஞாபகம் இருக்கு. அதையா அவகிட்டச் சொல்ல முடியும்?”