கன்னட முத்திரைத்தாளில் எழுதிய உயில்

வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜையில் என்னோடு உட்காரும் சகோதரிகளே, நான் நல்ல மனசோடு வேண்டிக்கொண்டு பலன் பெற்றவள் இல்லை. ஒரு மனுஷனின் நாக்கு அழுகிப் போகவேண்டும் என்று வேண்டியவள். அதற்கு அம்மன் என்ன செய்தாள் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

2004 ஆடி மாதம். கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிய என் வீட்டுக்காரர் வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஓசூர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எங்கள் மகள் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு மிச்சம் ஒன்றரை சென்ட் இடமும் அதில் அவர் சம்பாத்தியத்தில் கட்டிய இரண்டு அறையும்தான்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சிங்காரப்பேட்டையிலிருந்து அவருடைய அண்ணன் வந்தார். குடும்பத்தில் அவரைப் பெரியவர் என்போம். தம்பி போட்டோவுக்கு மாலை போட்ட கையோடு சுவருக்குச் சுவர் அடி வைத்து வீட்டை அளந்தார். இழவு வீட்டில் சோறு இறங்குவதற்கு முன்னால் அளந்தார். அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

அடுத்த மாதம் கோர்ட் நோட்டீஸ் வந்தது. மாமியார் கைநாட்டு வைத்து, மகன் சொத்தில் தன் பங்கைப் பிரித்துத் தரச்சொல்லி வழக்கு. போட வைத்தது யார் என்று ஊருக்கே தெரியும். உயில் இல்லாவிட்டால் மனைவி, மகள், தாய் மூன்று பேருக்கும் சம பங்கு என்றார் எங்கள் வக்கீலம்மா. ஒன்றரை சென்ட்டை மூன்றாக எப்படிப் பிரிப்பது? விற்றுவிட்டு நாங்கள் தெருவுக்குத்தான் போகவேண்டும்.

ஆனால் உயில் இருந்தது. முதல் தடவை நெஞ்சுவலி வந்து பிழைத்த வருஷம் அவர் எழுதியது. தன் கையாலேயே தமிழில் எழுதி, வீடு எனக்கும் மகளுக்கும் மட்டும் என்று கையெழுத்துப் போட்டு, அம்மன் படத்துக்குப் பின்னால் வைக்கச் சொல்லியிருந்தார். அங்கேதான் ஒரு தப்பு செய்துவிட்டார் மனுஷன். அவருக்கு வேலை கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம். ஷிப்ட் முடிந்து வரும் வழியில் எங்கேயோ முத்திரைத்தாள் வாங்கி அங்கேயே எழுதிவிட்டார். தாளின் தலையில் கன்னட எழுத்து. கீழே சாட்சிக் கையெழுத்து இரண்டு. ஒன்று கூட வேலை செய்த தென்காசிக்காரருடையது. அவர் ஊருக்குப் போன இடத்தில் இறந்துவிட்டார். இன்னொன்று கன்னடத்தில் ஒரு கிறுக்கல்.

உயிலுக்கு முத்திரைத்தாளே தேவையில்லை, வெள்ளைத் தாளில் எழுதினாலும் செல்லும் என்றார் வக்கீலம்மா. எனக்கு உயிர் வந்தது. "ஆனா ஒரு சாட்சியாவது கோர்ட்டுக்கு வந்து, அவர் கையெழுத்துப் போட்டத என் கண்ணால பாத்தேன்னு சொல்லணும். அது இல்லாம நிக்காது. இந்தக் கன்னடக்காரர் யாரும்மா?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? வந்த உயிர் திரும்பவும் போயிற்று.

தெரிந்தவர்களை எல்லாம் கேட்டேன். அவருடைய கம்பெனி வாசலில் மூன்று நாள் நின்றேன். கையெழுத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். அதற்குள் நானே எழுதிக்கொண்ட உயில் என்று சொந்தக்காரர்களிடம் பரப்பிவிட்டார் பெரியவர். கல்யாண வீட்டில் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். யார் வீட்டுப் படியும் ஏறுவதில்லை என்று முடிவு செய்தேன்.

ஒரு வாய்தா அன்று கோர்ட் வராந்தாவில், பத்துப் பேர் நடுவில், பெரியவர் என்னை நிறுத்தினார்.

"ஏ ராதா, கன்னடத்தான் பேப்பர்ல எழுதிக்கினு வந்து இங்க வீடு கேக்கறியா? இத வித்தவன் கிட்டயே போயி கேளு, போ. அவன் குடுப்பான் உனக்கு வீடு!"

எல்லோரும் சிரித்தார்கள். என் மகளும் பக்கத்தில் இருந்தாள்.

அன்று வெள்ளிக்கிழமை. வீட்டுக்கு வந்ததும் விளக்கை ஏற்றினேன். ஸ்தோத்திரம் வரவில்லை, திட்டுத்தான் வந்தது. "உனக்குக் கண்ணு இருக்குதா? உன் படத்துக்குப் பின்னாலதானடி வெக்கச் சொன்னாரு? சிரிக்கறான் அவன். அவன் நாக்கு அழுகணும். அப்பத்தான் நீ சாமி!" தொண்டை கட்டும்வரை கத்தினேன். மகள் பயந்துபோய்ச் சமையலறையில் நின்றுகொண்டாள்.

கத்தி ஓய்ந்து உட்கார்ந்தபோது பெரியவரின் குரல் மட்டும் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. வித்தவன் கிட்டயே போயி கேளு. வித்தவன் கிட்டயே போயி கேளு. மூன்றாம் தடவை கேட்டபோதுதான், இந்தத் தாளை விற்றவர் ஒருவர் இருப்பாரே என்று உறைத்தது. எழுந்து படத்தைக் கழற்றி உயிலை எடுத்தேன். பின்பக்கம் திருப்பினேன்.

அங்கே கன்னடத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் முத்திரை இருந்தது. அத்தனை நாளும் ஜெராக்ஸ் எடுத்தது முன்பக்கத்தை மட்டும்தான். வக்கீலம்மா பார்த்தது, பெரியவர் சிரித்தது, கம்பெனி வாசலில் நான் காட்டியது எல்லாமே அந்த ஒரு பக்க ஜெராக்ஸ்தான். பின்பக்கத்தை நானும் பார்க்கவில்லை.

மறுநாள் நான் வேலை பார்த்த இடத்தில் லீவு சொன்னேன். எதிர்வீட்டுக் கன்னடக்கார அக்கா முத்திரையைப் படித்து, விற்றவர் பெயரையும் கடை இருந்த ஊரையும் தெருவையும் சொன்னார். அத்திப்பள்ளிக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஆனேக்கல்லுக்கு ஒரு பஸ். அந்தப் பக்கம் முத்திரைத்தாள் விற்பனையையே நிறுத்திவிட்டிருந்தார்கள். கடை ஜெராக்ஸ் கடையாகியிருந்தது. ஆனால் ஆள் அதே ஆள். தாளை வாங்கி முன்பக்கம் பார்த்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

"இது நந்தே சைன் அம்மா. நான் போட்டது. உங்க வீட்டு எஜமானரு இந்த பெஞ்சுல உக்காந்து எழுதினாரு. கூட ஒருத்தர் இருந்தாரு. அடுத்த வாரம் உங்க எஜமானரே ஒரு பை நிறைய மாம்பழம் கொண்டாந்து குடுத்தாரு. ஒரு கையெழுத்துக்கு யாரு மாம்பழம் குடுக்கறாங்க? அதான் ஞாபகம்."

அவர் இறந்ததையும் கோர்ட்டில் வழக்கு நடப்பதையும் சொன்னேன். கோர்ட்டுக்கு வருவீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, அழுகைதான் வந்தது. கடைக்காரரே கேட்டார். "எந்த தேதி?"

வந்தார். பெரியவரின் வக்கீல் எழுந்து, உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே, எதைப் பார்த்து சாட்சி போட்டீர்கள் என்று மடக்கினார். "அவரு கையெழுத்துப் போட்டதப் பாத்தேன். நான் போட்டத அவரு பாத்தாரு. உள்ள என்ன எழுதினாருன்னு எனக்கு எதுக்கு சார்?" என்றார் கடைக்காரர். அது போதும் என்றார் வக்கீலம்மா. 2007 தை மாதம் வழக்கு தள்ளுபடி ஆனது. வீடு எங்களுடையது.

இன்று நானும் உயில் எழுதி வைத்திருக்கிறேன். வெள்ளைத் தாளில். சாட்சிகள் இரண்டு பேரின் முழு விலாசமும் போட்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்தாயிற்று. நீங்களும் செய்யுங்கள். சாமி பார்த்துக்கொள்ளும் என்று சும்மா இருக்காதீர்கள்.

பெரியவரை நான் மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று அம்மன் முன்னால் பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொரு வருஷமும் ஆடி வெள்ளிக்கு ஒரு பை மாம்பழம் ஆனேக்கல்லுக்குப் போகிறது. ஒரு புடவை அம்மனுக்குப் போகிறது.

சகோதரிகளே, அழகாக வேண்டத் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். கோபமாக இருந்தால் கோபமாகவே போய் நில்லுங்கள். நான் அழுகச் சொன்ன நாக்கை அவள் அழுகவிடவில்லை. எனக்கு வழி சொல்ல அன்று அந்த வராந்தாவில் அவளுக்குக் கிடைத்தது அந்த ஒரு நாக்குதான்.